நிலம் யாருடையது, தண்ணி எங்கிருந்து வருகிறது? வீடு பார்க்கும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, டிக்கோயாப் பக்கம் பார்த்த வீடு பிடித்துப்போய்விட்டது என்றும், புரோக்கர் இரண்டு நாளில் விலை சொல்லச் சொல்கிறார் என்றும் சொன்னாய். அவசரப்படுத்துவது அவருடைய தொழில். விசாரிப்பது நம்முடைய வேலை. வாயிலிருந்து ஒரு தொகை விழுந்துவிட்டால், அப்புறம் நம் மனசே அந்த வீட்டுக்குச் சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் விசாரணை முதலில், விலை கடைசியில்.

ஒரு கொப்பியில் இரண்டு பக்கம் ஒதுக்கு. ஒன்றில் 'விட்டுவிட வேண்டியவை', மற்றதில் 'விலையில் கழிக்க வேண்டியவை' என்று எழுது. ஒழுகும் கூரை கழிக்க வேண்டியது. அடுத்தவர் நிலம் விட்டுவிட வேண்டியது. இந்த இரண்டையும் கலந்துவிடுகிறவர்கள்தான் மலிவு என்று நினைத்து வில்லங்கத்தை வாங்குகிறார்கள்.

1. நிலம் யாருடையது?

நம் பக்கத்தில் வீடு ஒருவருடையதாகவும் நிலம் இன்னொருவருடையதாகவும் இருக்கும். 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் பெரிய தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992 இல் நிர்வாகம்தான் கம்பனிகளுக்கு வந்தது. நிலத்தில் அவர்களுக்கு இருப்பது குத்தகை மட்டும். அதனால் லயத்து வீட்டையோ, லயத்துக்குப் பக்கத்தில் ஒருவர் சொந்தக் காசில் கட்டிய வீட்டையோ "மூன்று தலைமுறையாக நாங்கள்தான் இருக்கிறோம்" என்று வெள்ளைத்தாளில் எழுதித் தந்தால், சட்டப்படி உன் கைக்கு ஒன்றும் வராது. காணி விற்பனை என்றால் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். முத்திரை ஒட்டி, தோட்டத் தலைவரே கையெழுத்துப் போட்டாலும் வெள்ளைத்தாள் வெள்ளைத்தாள்தான்.

தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியோடு கொடுத்த வீடு என்றால், உறுதி கையில் இருக்கிறதா, சாவி வாங்கிய விழாப் படம் மட்டும்தான் இருக்கிறதா என்று கேள். உறுதி இருந்தால், மற்றவருக்குக் கைமாற்றலாமா என்று அதன் நிபந்தனைகளை வரி வரியாக வாசி. அரச காணி அனுமதிப்பத்திரம், சுவர்ணபூமி, ஜயபூமி அளிப்புப் பத்திரம் என்று சொன்னால் பிரதேச செயலகத்துக்குப் போ. அங்கே எழுத்தில் அனுமதி கிடைக்காமல் அவை கைமாறாது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரைகளிலும் ரயில் பாதை ஓரத்திலும் ஒதுக்கக் காணி இருக்கிறது. அங்கே எவ்வளவு அழகாக வீடு கட்டியிருந்தாலும் முதல் பக்கத்தில் எழுதிவிடு.

2. காணிப் பதிவகத்தில் தேடு

உறுதியின் போட்டோ கொப்பியை வைத்து முடிவு எடுக்காதே. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், பிளான் இலக்கம், பதிவுப் பக்க எண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, உனக்கென்று ஒரு நொத்தாரிசைப் பிடி. விற்பவருடைய நொத்தாரிசே உனக்கும் பார்த்துத் தருவார் என்று புரோக்கர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. குறைந்தது முப்பது வருடப் பதிவைப் பார்க்கச் சொல். வங்கியில் ஈடு வைத்திருக்கிறார்களா, பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறதா, விற்கப்படுவது முழுக் காணியா அல்லது பிரிக்காத பங்கா என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் தெரியும். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதியிருந்தால், பின்னால் எழுதியவர் முந்திப் பதிந்து உரிமையைத் தட்டிக்கொண்டு போகலாம். பதிவில் வேகம் முக்கியம் என்பது அதனால்தான்.

கடன் எடுக்கப்போகிறாய் என்றால் விலை சொல்வதற்கு முன்பே உறுதியை வங்கியில் காட்டு. "இந்த உறுதிக்குக் கடன் தர முடியாது" என்று அவர்கள் சொன்னால், ஏன் என்று கேள். காசில்லாமல் கிடைக்கும் நல்ல ஆலோசனை அது.

3. யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

உறுதியில் பெயர் உள்ள தாத்தா இறந்துவிட்டாரா? அப்படியென்றால் வாரிசுகள் எல்லோரும் எங்கே? ஒரு மகள் குவைத்தில் இருந்தால் அவருடைய அற்றோர்னிப் பத்திரத்தைக் காட்டச் சொல். பிள்ளைக்கு நன்கொடையாக எழுதிய உறுதி என்றால், அம்மா அப்பா சீவிய உரித்து வைத்திருக்கிறார்களா என்று பார். வைத்திருந்தால், அவர்கள் அதை விட்டுக்கொடுக்காமல் நீ குடியேற முடியாது.

பெயர்ச் சிக்கலையும் பார்த்துவிடு. தமிழ் தெரியாத எழுத்தர்கள் எழுதியதால் நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், உறுதியில் ஒரு பெயர். திருத்தலாம், ஆனால் காலம் பிடிக்கும். வீட்டின் பின்னறையில் வாடகைக்கு யாராவது இருந்தால், "அவர் போய்விடுவார்" என்ற பேச்சை ஏற்காதே. காலி செய்து தந்தால்தான் உறுதி எழுதுவோம் என்று சொல்லிவிடு.

4. மண் நிற்குமா?

நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாய மாவட்டம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாடு முழுக்கச் சரிந்ததை நேரிலேயே பார்த்தோம். பக்கத்து வீட்டு ஆட்களிடம் "இங்கே மண் சரியுமா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "டித்வா நேரம் ராத்திரி எங்கே படுத்தீங்க?" என்று கேள். பாடசாலையிலோ கோயிலிலோ என்றால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பிறகு வீட்டைச் சுற்றி நட. தரையில் நீள வெடிப்பு, சரிந்து நிற்கும் மரமும் கரண்ட் தூணும், இறுகிப்போன கதவு ஜன்னல், புதிதாகக் கசியும் ஊற்று, திடீரென்று கலங்கி வரும் தண்ணி எல்லாம் கெட்ட அறிகுறிகள். வீட்டுக்குப் பின்னால் மண்ணை நேராக வெட்டியிருந்தால், தடுப்புச் சுவர் இருக்கிறதா, சுவரில் தண்ணி வடிய ஓட்டை இருக்கிறதா, மேலே கான் வெட்டியிருக்கிறதா என்று பார். புதிதாகச் சாந்து பூசிய வெடிப்பைக் கண்டால் இரண்டு தடவை பார்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருக்கிறதா என்றும் கேள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தாலே அவர்கள் எச்சரிக்கை விடுவார்கள்; 150 தாண்டினால் வெளியேறச் சொல்வார்கள். வெளியேறச் சொல்லும் இடம் என்று தெரிந்தால் அது முதல் பக்கம். கான் அடைத்திருப்பது, சுவர் கட்டவேண்டியிருப்பது இரண்டாம் பக்கம்.

5. தண்ணியும் பாதையும்

பைப்பில் தண்ணி வருகிறது என்பது மட்டும் போதாது. நீர் வழங்கல் சபையின் இணைப்பா, மேலே இருக்கும் பீலியிலிருந்து இழுத்த குழாயா? பீலி என்றால் அது யார் நிலத்தில் இருக்கிறது, எத்தனை வீடு பங்கு, பெப்ரவரி மார்ச்சில் வற்றுமா என்று கேள். முடிந்தால் வெயில் காலத்தில் ஒரு தடவையும், தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் ஜூலையில் ஒரு தடவையும் போய்ப் பார். கக்கூஸ் குழி மேலேயும் பீலி கீழேயும் இருந்தால் அந்தத் தண்ணியைக் குடிக்க நினைக்காதே.

பாதை உறுதியிலும் பிளானிலும் எழுதியிருக்கிறதா? தோட்டத்து வழியாகப் போகும் பாதை என்றால், நாளைக்கு ஒரு கேட் போட்டால் என்ன செய்வாய்? நோயாளியை ஏற்ற வேன் வாசல் வரை வருமா என்று ஓட்டிப் பார்த்துவிடு.

6. சபைக் கடதாசிகள்

வீடு ஹட்டன்-டிக்கோயா நகர சபைக்குள் வருகிறதா, நோர்வூட், மஸ்கெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளில் ஒன்றுக்குள் வருகிறதா என்று தெரிந்துகொள். அங்கே கேட்க வேண்டியவை: அனுமதி பெற்ற கட்டட வரைபடம், இணக்கச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ், வரி நிலுவை. கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்கி மேலே ஒரு தளம் ஏற்றியிருந்தால் அந்தத் தலைவலியும் சேர்ந்து உனக்குத்தான் வரும். கரண்ட் பில், தண்ணி பில் யார் பெயரில், எவ்வளவு பாக்கி என்றும் பார். ஒரு சர்வேயரை வைத்து எல்லைக் கல்லைக் காட்டச் சொல். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இரண்டு பேர்ச் குறைந்தால் ஒரு பெரிய அறையைவிட அதிக இடம் போய்விடும்.

7. முழுக் கணக்கு

வீட்டு விலை மட்டும் விலை அல்ல. முத்திரை வரி, முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 60 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 இலட்சத்து 39 ஆயிரம். அதற்கு மேல் நொத்தாரிசு கூலி, பதிவுச் செலவு, சர்வேயர், வங்கி மதிப்பீடு. சேமலாப நிதியில் கைவைக்க நினைத்தால், பத்து வருடம் கட்டியவர்களுக்கு 3 இலட்சம் ரூபாயாவது கணக்கில் இருந்தால் 30 வீதம் வரை எடுக்கலாம். உச்சம் 20 இலட்சம். அந்தக் காசு கைக்கு வர நாளாகும், அதை நம்பி தேதி கொடுக்காதே.

8. விலை சொல்லும் விதம்

முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தாலும் விலை சொல்லாதே. இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பாஸிடம் கூலி கேட்டு, கூட்டி, கேட்கும் விலையில் கழி. விற்பவரிடம் அந்தக் கணக்கையே காட்டிப் பேசு. "கூரைக்கு இவ்வளவு, தடுப்புச் சுவருக்கு இவ்வளவு" என்றால் பேரம் சண்டையாகாது.

முற்பணத்தை வெறும் ரசீதுக்குக் கொடுக்காதே. நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையோடு கொடு; வங்கி வழியாகக் கொடு. என்னென்ன கடதாசி, எந்தத் தேதிக்குள் வரவேண்டும், வராவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று அதில் எழுத வை. அந்த ஒரு வரிக்குச் சம்மதிக்காத ஆளிடம் வீடு வாங்காதே.