பல் மருத்துவம் படிக்க விரும்புவோருக்கு

பிளஸ் டூ முடிந்தபின், "பி.டி.எஸ். படிப்புக்கு எங்கே மனுப் போடுவது?" என்று பெரார்கஞ்சில் பலர் என்னைக் கேட்கிறார்கள். பிளஸ் ஒன்னிலேயே கேளுங்கள் என்பேன்.

நம் தீவுகளில் 2015-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பல் மருத்துவக் கல்லூரி இல்லை. கடல் கடந்துதான் படிக்க வேண்டும். நீட் தேர்வு கட்டாயம். அதைத் தமிழிலும் எழுதலாம்.

அரசு இடங்களுக்கு வழிகள் மூன்று. ஒன்று, அரசுக் கல்லூரிகளில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீடு. இரண்டு, அந்தமான் நிர்வாகத்தின் மூலம் வரும் மத்தியத் தொகுப்பு இடங்கள்; இதற்கு உள்ளூர்ச் சான்று தேவை. மூன்று, தமிழ்நாட்டு ஒதுக்கீடு. வீட்டில் தமிழ் பேசுவது மட்டும் இதற்குப் போதாது. பூர்வீகச் சான்று கேட்பார்கள். இங்கும் அங்கும் ஒருசேர உரிமை கோரக்கூடாது. ஆகவே வழியை முன்பே தீர்மானித்து, சான்றிதழ்களைத் தயார் செய்து வையுங்கள்.

படிப்பு நான்கு ஆண்டு, பயிற்சி ஓராண்டு. கட்டணம் போகக் கருவிகளுக்கும் செலவு உண்டு. தொடக்கத்திலேயே மெழுகில் பல் செதுக்கப் பழக வேண்டும். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்பதற்காக, கைவேலையில் நாட்டமில்லாத பிள்ளையை இதில் சேர்க்காதீர்கள். முதலில் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். மனுவைப் பிறகு நிரப்பலாம்.