பரலோகம் சலிக்குமா?

அன்புள்ள நண்பருக்கு,

பரலோகத்தில் ஓயாமல் துதி பாடிக்கொண்டிருப்போம் என்று போதகர் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷம் வராமல் பயம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைப்பதே பாவமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாவமெல்லாம் இல்லை. பிரசங்கம் பத்து நிமிடம் நீண்டால் கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் நாம். முடிவே இல்லாத ஆராதனை என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

1909இல் புத்தகமாக வந்த மார்க் ட்வைனின் கதையொன்றில், ஸ்டார்ம்ஃபீல்ட் என்ற கப்பல் கேப்டன் சொர்க்கத்துக்குப் போய், கின்னரமும் ஒளிவட்டமும் வாங்கிக்கொண்டு மேகத்தில் உட்காருகிறார். தெரிந்தது ஒரே பாட்டு. சீக்கிரமே அலுத்துப்போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். ட்வைனின் கேலி ஞாயிறு பள்ளிப் படங்களைத்தான் குத்துகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: இரவும் பகலும் ஓய்வில்லாமல் பாடுகிறவை நான்கு ஜீவன்கள். மனிதர்களுக்குக் கடைசி அதிகாரத்தில் ஊழியமும் அரசாட்சியும் இருக்கின்றன. ஏசாயா 65இன் புதிய பூமியிலோ ஜனங்கள் வீடு கட்டுகிறார்கள், திராட்சைத் தோட்டம் போடுகிறார்கள்.

இதைவிடக் கனமான கேள்வியை 1973இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுப்பினார். செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் நாடகத்தில் வரும் எலினா மக்ரோபுலோஸ், ஒரு மருந்தின் பலத்தால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறாள். எதுவும் அவள் மனதைத் தொடுவதில்லை; கடைசியில் மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடுகிறாள். வில்லியம்ஸ் அவளை வைத்து வாதிடுகிறார்: அதே ஆளாக இருந்தால் சலிக்கும், சலிக்காதபடி ஆளே மாறிப்போனால், அங்கே இருப்பது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

சபைக்குள் இது பழைய தலைவலி. 3ஆம் நூற்றாண்டின் ஒரிஜென், ஆதியில் கடவுளைத் தரிசித்துக்கொண்டிருந்த ஆன்மாக்கள் திகட்டிப்போய்த்தான் விழுந்தன என்று கருதினார். அப்படியானால் திரும்பிப் போனாலும் மறுபடி திகட்டாதா? அடுத்த நூற்றாண்டில், இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த நிசா நகர கிரகோரி பதில் சொன்னார். கடவுளுக்கு எல்லை இல்லை, ஆகவே அவரை அறிவதற்கும் எல்லை இல்லை. ஒவ்வொரு நிறைவும் அடுத்த ஆசையைக் கிளப்பும். நிரம்ப நிரம்பப் பாத்திரமும் பெரிதாகும். வில்லியம்ஸுக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மழலை பேசிய நானும் இந்தக் கடிதம் எழுதும் நானும் ஒரே ஆள்தானே. எவ்வளவு மாறியிருந்தாலும் வளர்ச்சியில் ஆள் தொலைந்துபோவதில்லை. சலிப்பைப் பொறுத்தவரை கிரகோரி என்னைச் சமாதானப்படுத்திவிட்டார்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில், ஆலயத்தின் பக்கமே வராமல் இறந்துபோன அப்பாவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, நான் மாட்டிக்கொண்டு நிற்கிற இடம் அதுதான். அவர் இல்லாத இடத்தில் நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள்? தாமஸ் அக்வினாஸின் பெருநூலோடு அவர் இறந்தபின் சேர்க்கப்பட்ட பகுதியில் இதற்கு விடை உண்டு: நரகத்தில் இருப்பவர்கள்மேல் பரிசுத்தவான்களுக்கு இரக்கம் இராது, கடவுளின் நீதியைக் கண்டு மகிழ்வார்கள். தர்க்கம் சரியாக இருக்கலாம். ஆனால் பெற்றவரை நினைத்துக் கலங்காத நீங்கள், எனக்குக் கடிதம் எழுதிய அதே ஆள் இல்லை. வில்லியம்ஸ் சொன்ன ஆபத்து இங்கேதான் நிஜமாகிறது.

இதற்கும் கிரகோரியிடமே போகலாம். அண்ணன் பசிலை இழந்த துக்கத்தோடு, சாகக் கிடந்த அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போனவர் அவர். அங்கே நடந்த பேச்சாக அவர் எழுதிய நூலில் அக்காதான் ஆசிரியை, தம்பி மாணவன். தீமை எல்லாம் எரிந்து தீர்ந்தபின் எல்லா ஆன்மாவும் கடவுளிடம் சேரும் என்பது அதில் வரும் நம்பிக்கை. பெரும்பாலான சபைகள் இதைப் போதனையாக ஏற்கவில்லை. நானும் நிரூபிக்க முடியாது. ஆனால் யாரும் விடுபடாத அந்தப் பரலோகத்தில் மட்டுமே என்னால் நிம்மதியாக உட்கார முடியும் என்று தோன்றுகிறது.

புதிய எருசலேமுக்குப் பன்னிரண்டு வாசல்கள், ஒன்றும் அடைக்கப்படுவதில்லை என்று யோவான் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து இனி யாரும் வரப்போவதில்லை என்றால் அவை எதற்குத் திறந்திருக்கின்றன என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்