பாதையின் ஹக்கும் நாயின் ஹக்கும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று குடும்பத்தோடு மலையேறுவது நம் வீடுகளில் இன்று வழக்கமாகிவிட்டது. குன்னூர், கூடலூர், வால்பாறை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளிலோ நம்மவர் பலர் தொழில் நிமித்தம் குடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் காவலுக்கு நாய் வைத்திருக்கிறார்கள். மலைப் பாதையோ ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். அதில் நாயோடு வருபவரும் நாயைக் கண்டு அஞ்சுபவரும் எதிரெதிரே சந்தித்தால் என்ன செய்வது? ஷரீஅத் இதைப் பற்றி ஏதும் சொல்கிறதா?

இந்த விஷயத்தில் மக்கள் இரண்டு எல்லைகளுக்குப் போய்விடுகிறார்கள். நாய் நஜீஸ் அல்லவா என்று சொல்லி, சும்மா போகும் நாயைக் கல்லால் அடிப்பவர் ஒரு சாரார். என் நாய் ஒன்றும் செய்யாது என்று சொல்லி, அதை அவிழ்த்து விட்டுப் பிறரைக் கதிகலங்கச் செய்பவர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் தவறு என்பதையே இக்கட்டுரையில் விளக்க நாடுகிறோம்.

நாய் வளர்க்கலாமா?

முதலில் அடிப்படை மஸ்அலாவைத் தெரிந்து கொள்வோம். வேட்டைக்கோ, கால்நடைகளின் காவலுக்கோ, பயிர்க் காவலுக்கோ அல்லாமல் நாய் வளர்ப்பவரின் நற்கூலியிலிருந்து அன்றாடம் ஒரு கீராத் அளவு குறைந்து போகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றுள்ளது. வீட்டையும் தெருவையும் காக்கும் நாய்க்கு இதே அனுமதி உண்டா என்பதில் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு கருத்துகள் உள்ளன. மேற்சொன்ன மூன்றின் மீது கியாஸ் செய்து, அனுமதி உண்டு என்பதே மிகச் சரியானது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே சிறுத்தையும் கரடியும் நடமாடும் தோட்டத்தில் தனி வீட்டில் வசிக்கும் ஒருவர் காவலுக்கு நாய் வைத்திருந்தால் அவரைப் பழித்துப் பேச நமக்கு உரிமை இல்லை. அழகுக்கும் பெருமைக்கும் மட்டும் வளர்ப்பது வேறு. தேவைக்கு வைத்திருப்பது வேறு.

நஜீஸ் எது? எது அல்ல?

எதிரில் நாய் வந்தாலே ஒளு முறிந்துவிடும் என்று நம் தாய்மார்களில் பலர் எண்ணுகிறார்கள். நாயைத் தொட்டாலும் ஒளு முறிவதில்லை. நஜீஸ் பட்டிருந்தால் பட்ட இடத்தைக் கழுவ வேண்டும், அவ்வளவே.

ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் உடல் முழுவதும் கடுமையான நஜீஸாகும். அதன் எச்சிலோ, மூக்கின் ஈரமோ, மழையில் நனைந்த அதன் ரோமமோ உடலிலோ உடையிலோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை சுத்தமான மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆனால் நாயின் ரோமமும் காய்ந்திருந்து, நம் உடையும் காய்ந்திருந்து இரண்டும் உரசிக் கொண்டால் நஜீஸ் தாவாது. கழுவ வேண்டிய அவசியமும் இல்லை. ஹனபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸாகும். அது வாய் வைத்த பாத்திரத்தை மூன்று தடவை கழுவுவது அவசியம், ஏழு தடவை கழுவுவது சிறப்பு. அதன் உடலோ, ஃபத்வாவுக்குரிய சொல்லின்படி, தன்னளவில் நஜீஸ் அல்ல. மாலிகீ மத்ஹபில் நாயே சுத்தமானதுதான் என்று கூறப்பட்டிருக்கிறது. மத்ஹபுகளுக்கிடையே இவ்வளவு விசாலம் இருக்கும்போது, ஒருவர் மற்றவரை ஏளனம் செய்வது எப்படித் தகும்? அவரவர் தத்தம் மத்ஹபின்படி நடந்து கொள்வதே பேணுதலாகும்.

மலையில் எழும் மற்றொரு ஐயம் ஓடை நீரைப் பற்றியது. மேலே ஒரு நாய் நீர் குடித்துக் கொண்டிருக்க, கீழே நாம் ஒளுச் செய்யலாமா? ஓடும் நீர் நிறமோ மணமோ சுவையோ மாறாதிருந்தால் ஹனபி மத்ஹபில் அது சுத்தமானதே. ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்தும் அதற்கு மேலுமுள்ள நீர், நஜீஸினால் தன்மை மாறாதவரை சுத்தமானதாகும். எனவே நிறைந்து ஓடும் ஓடையில் ஒளுச் செய்ய மனம் கலங்க வேண்டியதில்லை. வீண் வஸ்வாஸுக்கு இடம் கொடுத்துத் தொழுகையைக் களாவாக்கி விடுவதுதான் பெரும் நஷ்டம்.

பாதைக்கும் ஹக்கு உண்டு

பாதையோரங்களில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தபோது, அதைத் தவிர்க்க முடியவில்லையே என்று ஸஹாபாக்கள் முறையிட்டனர். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்து விடுமாறு ஏவினார்கள். பார்வையைத் தாழ்த்துவது, துன்பம் தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அந்த ஹக்கு என்று விளக்கமும் தந்தார்கள். பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணியதும் அவர்களே. கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானில் சேர்ந்தது என்றால், நாமே ஒரு முள்ளைக் கொண்டு போய்ப் பாதையில் விடுவது எதில் சேரும்?

இந்த ஹக்கை நாயோடு செல்பவர் நிறைவேற்றும் முறையைச் சொல்கிறோம்.

1. நாயின் கழுத்துப் பட்டையில் வாரோ சங்கிலியோ கட்டி, கையில் பிடித்தே செல்ல வேண்டும். அது நான்கு முழத்துக்கு மேல் நீளாதிருப்பது நல்லது. நீண்ட கயிறு வளைவுக்கு அப்பால் வருபவரின் காலைச் சுற்றிப் பள்ளத்தில் தள்ளிவிடும்.

2. எதிரில் ஆள் வரக் கண்டால், பாதை அகன்ற இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்று நாயைத் தம் மறுபுறத்தில் உட்கார வைத்து வழி விட வேண்டும். மேலே ஏறி வருபவர் மூச்சு வாங்கி வருவார். இறங்குபவர் அவருக்கு இடம் தருவது முறை. சவாரிக் குதிரைகள் வந்தால் இன்னும் அதிகமாக விலகி நிற்க வேண்டும். நாய் குரைத்துக் குதிரை மிரண்டால் அதன் மேலிருக்கும் குழந்தையின் கதி என்னாவது?

3. என் நாய் ஒன்றும் செய்யாது என்று வாயால் சொல்வது போதாது. ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் உறங்கிக் கொண்டிருந்தார். அவரிடமிருந்த கயிற்றை வேறொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். முஸ்லிமை முஸ்லிம் அச்சுறுத்துவது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது உணர்த்தினார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கயிறு யாரையும் கடிக்கவில்லை. திடுக்கிட வைத்ததே குற்றமாயிற்று. அவிழ்த்து விட்ட நாய் கடிக்காமலே ஒரு பிள்ளையை நடுங்க வைத்தாலும் அது துன்பம் கொடுத்ததே ஆகும். எதிரே வருபவர் மாற்று மதச் சகோதரராயினும் இந்த ஒழுக்கம் மாறாது.

4. மக்கள் நடக்கும் வழியிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்று ஹதீஸில் வந்துள்ளது. மனிதன் செய்தால் சாபம், அவன் கொண்டு வந்த நாய் செய்தால் பாதகமில்லை என்று யாரும் வாதாட முடியாது. நாயின் மலத்தில் கொக்கிப் புழுவின் முட்டைகள் இருக்கலாம். அவை ஈர மண்ணில் பொரிந்து, வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புழுக்களாய் நுழைகின்றன. ஆதலால் அதை உறையில் எடுத்துச் சென்று குப்பையில் சேர்க்க வேண்டும். முடியாவிடில் பாதையையும் ஓடையையும் விட்டு 200 அடியாவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டிப் புதைத்து விட வேண்டும்.

5. கடிக்கும் சுபாவமுள்ளது என்று தெரிந்தே நாயைக் கட்டாமல் விட்டு, அது பிறருக்குச் சேதம் விளைத்தால் உரியவர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று ஃபிக்ஹுக் கிதாபுகள் கூறுகின்றன. வாயில்லாப் பிராணி செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று கைகழுவிவிட முடியாது.

காட்டுக்கும் கேடு வரலாம்

மலை மனிதனுக்கு மட்டும் சொந்தமன்று. நீலகிரியின் முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்பு நாய்களைக் கொண்டு செல்ல அனுமதி கிடையாது. இது வீண் கெடுபிடி அல்ல. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் நோயின் கிருமி 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் பரவி ஏறத்தாழ 1,000 சிங்கங்களைக் கொன்றது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டிலும் சிங்கங்கள் இந்நோய்க்குப் பலியாயின. ஆகவே மலைக்குக் கொண்டு செல்லும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியோடு இந்நோய்க்கான தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை மேய்வது அன்றாடக் காட்சி. அவிழ்த்து விட்ட நாய் அதைக் குரைத்துச் சீண்டும். அது சீறி எழுந்தால் நாய் எசமானனிடமே ஓடி வரும். பின்னால் காட்டெருமையும் வரும். கரடியிடமும் இதே ஆபத்து உண்டு. சிறுத்தைக்கோ நாய் விருப்பமான இரை. எனவே அந்தி சாய்ந்த பின்னும் விடியுமுன்னும் நாயோடு தோட்டப் பாதையில் நடப்பதைத் தவிர்ப்பதே விவேகம்.

நாய்க்கும் ஹக்கு உண்டு

இனி, எதிரே வருபவருக்குச் சில சொற்கள். நஜீஸ் என்பது சட்டம். அது வெறுப்புக்கு விட்ட உத்தரவல்ல. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்ற சரித்திரத்தை நாம் மேடைகளில் கேட்கிறோம். உயிருள்ள எந்தப் பிராணிக்கு உபகாரம் செய்தாலும் கூலி உண்டு என்பது அதன் படிப்பினை. குகைத் தோழர்களின் வரலாற்றைக் கூறும் கஹ்ஃப் சூராவில், வாசலில் முன்னங்கால்களை விரித்துக் கிடந்த அவர்களின் நாயையும் அல்லாஹுத்தஆலா குறிப்பிட்டிருக்கிறான். அப்படியிருக்க, பாதையில் சும்மா கிடக்கும் நாயைக் கல்லெறிந்து விரட்டப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாமா?

கல்லெறிவது மார்க்கத்துக்குப் பொருந்தாதது மட்டுமன்று, ஆபத்தானதுங்கூட. ஓடினால் நாய் துரத்தும், அடித்தால் எதிர்க்கும். அசையாமல் நின்று, அதன் கண்ணை உற்றுப் பாராமல், மெதுவாக விலகிப் போவதே பாதுகாப்பு. நாயோடு செல்பவரும் அதற்குரிய நீரையும் ஓய்வையும் மறக்கக் கூடாது. செங்குத்தான ஏற்றத்தில் மூச்சிரைக்கும் பிராணியை இழுத்துக் கொண்டு ஓடுவது அதற்கு இழைக்கும் அநீதி.

கடித்துவிட்டால்

இது உயிர் பற்றிய விஷயம். வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். வெறிநோய் குணங்கள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் மருத்துவம் செய்தால் தடுத்துவிடலாம். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் நிறுவப்பட்டதே இந்த நோய்க்காகத்தான். அன்று மலையிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியிருந்த மருத்துவம் இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

கடித்த உடனே, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் பூசக் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் நாட்களில் எல்லாத் தவணை ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். கீறல்தானே, வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஓதிய நீரைக் குடித்துவிட்டு ஊசியை விட்டுவிடுவது தவக்குல் ஆகாது. மருந்து செய்து கொள்ளுமாறு ஏவியவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே. ஏழு தடவை கழுவுவது தொழுகைக்கான சுத்தம். 15 நிமிடம் கழுவுவது உயிருக்கான காப்பு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. முதலில் உயிரைக் காக்கும் கழுவுதலைச் செய்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் பழக்கமாயிருந்தது என்று ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த திக்ரு நம் நாவில் இருக்கட்டும். நம் நாயால் யாருக்கும் அச்சமில்லை, நம் கல்லால் எந்த நாய்க்கும் காயமில்லை என்ற நிலையில் மலையேறி இறங்கி வருவோமாக! பாதையின் ஹக்கையும் படைப்புகளின் ஹக்கையும் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.