கடுகு: வெடித்தால் வாசனை, அரைத்தால் காரம்

நாலைந்து கடுகை வாயில் போட்டு மெல்லாமல் வைத்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாது. மென்றால் முதலில் லேசாகக் கசக்கும். அப்புறம்தான் சுருக்கென்று மூக்கில் ஏறும். கடுகுக்குள் காரம் தயாராக இருப்பதில்லை. அது உடைந்து ஈரம் பட்டதும், உள்ளே இருக்கும் ஒரு நொதி காரத்தை உண்டாக்குகிறது. அந்த நொதிக்குக் கொதிக்கிற சூடு ஆகாது. அதனால்தான் தாளித்த கடுகில் வாசனை உண்டு, காரம் இல்லை.

"பச்சடிக்குக் கடுகு அரைச்சு விட்டேன் டாக்டர், உறைக்கவே இல்லையே" என்று கேட்கும் தாய்மார்கள், பெரும்பாலும் கடுகை வறுத்திருப்பார்கள் அல்லது வெந்நீர் விட்டு அரைத்திருப்பார்கள். பச்சைக் கடுகு அரை டீஸ்பூன், பச்சைமிளகாய் ஒன்று, தேங்காய்த் துருவல் இரண்டு டேபிள்ஸ்பூன். பச்சைத் தண்ணீர் தெளித்து அரைத்து, பத்து நிமிஷம் அப்படியே வையுங்கள். பிறகு தயிரில் கலந்து, நறுக்கிய வெள்ளரிக்காயைப் போடுங்கள். முதலிலேயே தயிரோடு சேர்த்து அரைத்தால், புளிப்பு காரத்தைக் கிளம்ப விடாது. வயிற்றுப்புண் உள்ளவர்கள் இந்தப் பச்சடியை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஆவக்காய்க்கும் கடுகை வறுக்கக் கூடாது. வெயிலில் காயவைத்துப் பொடிப்பதுதான் முறை. காயப்போடும்போது ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். நல்ல கடுகு வழவழப்பாக இருக்கும்; நசுக்கினால் உள்ளே மஞ்சள். சொரசொரப்பாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் அது பிரம்மதண்டு விதை. விளையாட்டில்லை. 1998-ல் டெல்லியில் அந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சு முட்டியது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இனி கடுகுப்பற்று. மூட்டுவலிக்கு நாங்கள் வழிவழியாகச் சொல்லி வருவதுதான். ஆனால் அரைத்த கடுகு அம்மியில் செய்கிற வேலையைத்தான் தோலிலும் செய்கிறது: நேரம் ஆக ஆகக் காரம் ஏறும். "வச்சப்போ சுடவே இல்லையே" என்று அசந்துவிடுகிறோம். சளிக்காக இரவு நெஞ்சில் பற்றுப் போட்டுத் தூங்கவைத்த ஒன்றரை வயதுக் குழந்தையை, காலையில் கொப்புளத்தோடு என்னிடம் தூக்கி வந்தார்கள். பாட்டி சொன்ன வைத்தியம்தான். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். அதை யாரும் சொல்லித் தருவதில்லை!

குழந்தைகளுக்குக் கடுகுப்பற்று வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் ஒரு பங்கு கடுகுப்பொடிக்கு நாலு பங்கு அரிசிமாவு கலந்து, பச்சைத் தண்ணீரில் குழைத்து, தோலின்மேல் துணி போட்டு அதன்மேல் தடவுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் துணியைத் தூக்கிப் பாருங்கள். சிவந்தாலோ எரிந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். புண்பட்டால் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். நெய், இங்க், பற்பசை எதுவும் தடவாதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் போங்கள்.