கார் இன்சூரன்ஸ் தாளை இன்றே எடுத்துப் படியுங்கள்

என் சித்தப்பா மகன் ஈரோட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினான். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆர்.சி. புக்கைத் தன் பெயருக்கு மாற்றினான். இன்சூரன்ஸ் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. "அதான் இருக்கே, முடியும்போது என் பேர்ல போட்டுக்கறேன்" என்று விட்டுவிட்டான். ஐப்பசி மழையில் ஒருநாள் கோபி ரோட்டில் வண்டி வழுக்கி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி முன்பக்கம் நொறுங்கியது. அவனுக்குக் காயமில்லை. பாலிசியில் பழைய ஓனர் பெயர் இருந்ததால் கம்பெனி கையை விரித்துவிட்டது. ஒர்க் ஷாப் பில் மொத்தமும் அவன் கையிலிருந்துதான் போனது.

நாலு பக்கத் தாள் அது. அவனும் படிக்கவில்லை, விற்றவரும் படிக்கவில்லை. போலீஸ் கேட்டால் காட்டுவதற்கான தாள் என்றே நம்மில் பலரும் அதை நினைக்கிறோம். நம் வண்டியால் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் குடும்பம் தெருவுக்கு வராமல் காக்க வேண்டியது அந்தத் தாள்தான். தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவர் அதை எப்படிச் சரிபார்ப்பது, கூடவே எந்தெந்த ஓட்டுநர் விதிகளைக் கவனிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில், என்ன பாலிசி என்று பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது. ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மறுபடி பிடிபட்டால் 4,000. 2019-ல் நாடாளுமன்றம் உயர்த்திய அபராதங்களைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் அரசாணை போட்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அபராதத்தை விடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. முப்பது வயதுக்காரர், சொந்தமாக டிங்கரிங் கடை வைத்து மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறார். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதி அவர் இறந்துவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும்? ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 2,52,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கு எண் 17. ஆக 42,84,000 ரூபாய். இறுதிச் சடங்கு போன்ற இனங்களுக்கு இதன்மேல் கொஞ்சம் சேரும். 1,000-லிருந்து 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த தர்ட் பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதைக் கட்டாமல் விட்டால் அந்த நாற்பத்துச் சொச்ச லட்சம் ஓனர் தலையில் விழும். அவரிடம் அவ்வளவு பணம் இருக்காது. அப்புறம் அந்தக் குழந்தைகளுக்கு யார் கொடுப்பது?

தர்ட் பார்ட்டி பாலிசியில் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. மோதி உடைத்த கடை, வண்டி போன்ற பிறர் சொத்துக்கு மட்டும் 7.5 லட்சம் வரம்பு. உங்கள் காருக்கு இதில் ஒரு பைசா வராது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தர்ட் பார்ட்டி மட்டும் போட்ட சொந்தக் காரில் உடன் வருகிறவர்கள் அடிபட்டால், அவர்கள் மூன்றாம் தரப்பு ஆகமாட்டார்கள் என்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ குடும்பத்தோடு போகிற காருக்கு, நாம் 'ஃபுல் கவர்' என்கிற பேக்கேஜ் பாலிசி போடுவதே சரி. அதில் உடன் வருகிறவர்களும் அடங்குவார்கள்.

இரண்டு தேதிகள்

புதுக் கார் வாங்கியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் வந்த உத்தரவால், 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு தர்ட் பார்ட்டி பாலிசியும் புது டூவீலருக்கு ஐந்து ஆண்டு பாலிசியும் கட்டாயமாயின. சொந்தச் சேதத்துக்கான பகுதியைப் பெரும்பாலும் ஒரே ஆண்டுக்குத்தான் போட்டுத் தருகிறார்கள். "மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்ற நினைப்பில் இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாளில் சொந்தச் சேதத்துக்கு ஒரு தேதி, தர்ட் பார்ட்டிக்கு ஒரு தேதி இருக்கும். இரண்டையும் போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள்.

பாலிசி முடிந்த நள்ளிரவோடு பாதுகாப்பும் முடிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு இடித்தாலும் ஒன்றும் கிடைக்காது. 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால், கிளெய்ம் போடாததற்காகச் சேர்ந்திருக்கும் என்.சி.பி. சலுகையும் போய்விடும். முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் வரை வளரும் சலுகை அது. சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

பெயர், முகவரி, ஐ.டி.வி.

ஆர்.சி.யில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள். தர்ட் பார்ட்டிப் பகுதி பிரிவு 157-ன்படி தானாகவே வாங்கியவருக்கு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. என் தம்பி மாட்டியது அதில்தான். என்.சி.பி. வண்டிக்குச் சொந்தமல்ல, ஓனருக்குச் சொந்தம். அதனால் பழைய ஓனர் அனுபவித்த தள்ளுபடிக்கான தொகையைப் பெயர் மாற்றும்போது நீங்கள் கட்ட வேண்டிவரும்.

அடுத்து ஐ.டி.வி. வண்டி திருடுபோனாலோ, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் 'டோட்டல் லாஸ்' என்று எழுதினாலோ கையில் வரக்கூடிய உச்சத் தொகை இதுதான். கார் ஓராண்டைத் தாண்டினால் 20 சதவீதம், இரண்டைத் தாண்டினால் 30, மூன்றைத் தாண்டினால் 40, நாலைத் தாண்டினால் 50 என்று விலையில் கழிப்பார்கள். பிரீமியம் குறையட்டும் என்று இதைக் குறைத்துப் போடும் ஏஜென்ட் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

சாதாரணப் பேக்கேஜ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இன்றைய காரில் பம்பரே பிளாஸ்டிக். அதற்காகத்தான் 'பம்பர் டு பம்பர்' என்று நாம் சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன். புது வண்டிக்கு ஐந்தாண்டு இதைக் கட்டாயமாக்கி 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது, அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. அதனால் இது உங்கள் விருப்பம்தான். கார் புதுசாக இருக்கும் வரை போடுங்கள் என்பேன். இதோடு ஓனரே ஓட்டும்போது உயிர் போனால் குடும்பத்துக்கு 15 லட்சம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடும் இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஒரு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருந்து, வேறு வண்டிக்கு ஏற்கெனவே அதை எடுக்காமலும் இருந்தால் அது வேண்டும்.

ஓன் போர்டை வாடகைக்கு விடாதீர்கள்

வெள்ளை நம்பர் பிளேட் காரைக் கல்யாணத்துக்கும் ஏர்போர்ட் சவாரிக்கும் வாடகைக்கு விடுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். "டீசல் காசு மட்டும் வாங்கிக்கிறேன்" என்பார்கள். சொந்த உபயோகத்துக்கென்று போட்ட பாலிசி, பணம் வாங்கி ஆள் ஏற்றும் சவாரிக்குப் பொருந்தாது. விபத்து நடந்த பிறகு வண்டியில் வந்தவர்களிடம் விசாரிக்கும்போது "வாடகை பேசி வந்தோம்" என்று ஒருவர் சொன்னாலே போதும், கம்பெனி மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். பர்மிட் இல்லாமல் ஓட்டிய குற்றம் தனியாக வரும். வாடகைக்கு ஓட்ட வேண்டுமென்றால் டி போர்டு போட்டு அதற்கான பாலிசியோடு ஓட்டுங்கள். சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் மாட்டினாலும் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பதிந்தே ஆக வேண்டும்.

ஓட்டுகிறவரின் லைசென்ஸ்

லைசென்ஸை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். முப்பது வயதுக்குள் எடுத்தது நாற்பது வயது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் எடுத்தது பத்தாண்டு, ஐம்பத்தைந்துக்கு மேல் எடுத்தது ஐந்தாண்டு. முடிந்து ஓராண்டுக்குள் புதுப்பிக்காவிட்டால் மறுபடியும் டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். நம் அப்பாக்களின் லைசென்ஸைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். முப்பது வருடமாக ஓட்டுகிறவர்களுக்குத் தேதி பார்க்கும் பழக்கமே இருக்காது.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், அப்படிப்பட்டவரிடம் சாவியைக் கொடுத்தவருக்கும் 5,000. ஓட்டியவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோருக்கோ ஓனருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அத்தோடு நிற்காது. லைசென்ஸ் இல்லாதவர் மோதினால் பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுத்துவிட்டு, அதே தொகையை ஓனரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. மேலே சொன்ன 42 லட்சத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீட் பெல்ட் பின்சீட்டுக்கும் கட்டாயம், போடாவிட்டால் 1,000. போன் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் முறை 1,000. ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதச் சிறை அல்லது இரண்டும். குடித்திருந்தது நிரூபணமானால் உங்கள் காருக்கான கிளெய்மும் போயிற்று. சென்னையில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு வேகவரம்பு 60, குடியிருப்புத் தெருக்களில் 30. ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டலாம், அவை அசலுக்குச் சமம்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னை பட்ட பாடு நமக்குத் தெரியும். அதனால்தான் 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் செய்யக்கூடாத ஒன்று, சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இன்ஜினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பிளாக்கே உடையும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்குப் பேக்கேஜ் பாலிசி பொறுப்பேற்கும். ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனால் அதை நீங்கள் இழுத்துவிட்டுக்கொண்ட சேதம் என்பார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று போட்டோ எடுங்கள், டோ வண்டி வரும் வரை காத்திருங்கள். தாழ்வான பகுதியில் குடியிருப்பவர்கள் 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்த்துக்கொள்வது அவசியம் என்றே சொல்வேன்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் 108. அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்ப்பது பிரிவு 134-ன்படி ஓட்டுநரின் கடமை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. அதனால் பணம் யார் கட்டுவது என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை. உதவிக்கு வந்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

பிறகு 24 மணி நேரத்துக்குள் போலீசில் தகவல் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க் ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவிடாதீர்கள். ஓட்டியது யார் என்பதை மாற்றிச் சொல்லாதீர்கள். மகன் ஓட்டியதை அப்பா ஓட்டியதாகச் சொல்லி, மருத்துவமனைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்து, நியாயமாக வரவேண்டிய பணமும் வராமல் போனதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

உங்கள் வண்டிக்கான கிளெய்மைக் கம்பெனி மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர்தான். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை, கம்பெனி மறுத்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மனுவோடு பாலிசி நகல், மறுப்புக் கடிதம், நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல், ஒர்க் ஷாப் எஸ்டிமேட் நான்கையும் இணையுங்கள்.