மூச்சை எண்ணுங்கள்: மழைக்காலச் சளிக் காய்ச்சலுக்கு ஓர் ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டது. இனி டிசம்பர் முடியும்வரை இன்ஃபுளூயன்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா என்று சளிக் காய்ச்சல் வைரஸ்கள் பல நம் ஊர்களில் சேர்ந்தே சுற்றும். வீட்டில் ஒருவர் இரும ஆரம்பித்தால் அந்த வாரத்துக்குள் எல்லோரும் இருமுவோம். பெரும்பாலானவர்கள் ஏழெட்டு நாளில் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு சிலருக்கு மட்டும் நடுவில் மூச்சு வாங்கத் தொடங்கி, ஐசியு வரை போய்விடுகிறது. அந்த ஒரு சிலர் யாராக இருக்கக்கூடும் என்பதை வீட்டிலிருந்தே, நேரத்தோடு ஓரளவு கணித்துவிட முடியும். அதற்குத்தான் இந்த ஆலோசனை.

காய்ச்சலின் அளவை வைத்து நோயின் கடுமையை முடிவு செய்யாதீர்கள். 103 டிகிரி அடிக்கும் குழந்தை பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரத்தில் எழுந்து விளையாடும். எண்பது வயதுப் பாட்டிக்கு உடம்பு 99-ஐத் தாண்டாமலேயே நிமோனியா முற்றியிருக்கும். வீட்டுக்கு வீடு தெர்மாமீட்டர் இருக்கிறது. மூச்சை எண்ணிப் பார்க்கும் வழக்கம்தான் இல்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களைப் பாருங்கள். நிமோனியாவுக்கு 2003-இல் வந்த கர்ப்-65, பிரிட்டன் மருத்துவமனைகளுக்கென 2017-இல் வந்த நியூஸ்-2, கொரோனா நோயாளிகளுக்கென 2020-இல் வந்த 4சி ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்கு உருவானவை. ஒன்று ரத்தத்தில் யூரியாவைக் கேட்கும், இன்னொன்று நாடித்துடிப்பைக் கேட்கும். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கேள்வி மூன்றிலும் இருக்கிறது. ஒரு கடிகாரம் இருந்தால் நீங்களும் அதற்குப் பதில் கண்டுபிடிக்கலாம்.

எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. நோயாளி பத்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்தோ படுத்தோ இருக்கட்டும். பாத்ரூம் போய்வந்த கையோடு எண்ணக் கூடாது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதும் மூச்சு வேகமாகத்தான் இருக்கும். இறங்கிய பிறகு மறுபடி எண்ணிப் பாருங்கள். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் யாருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை வயிற்றின் மேல் வையுங்கள். போர்வையோ சேலைத் தலைப்போ ஒரு முறை ஏறி இறங்கினால் அது ஒன்று. முழுதாக அறுபது விநாடி எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி இங்கே உதவாது. எண்ணிக்கையில் ஒன்று தவறினால் கணக்கில் நான்கு தவறும்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 24-ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவமனை. 30 என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வயதுவாரியாக எல்லை வைத்திருக்கிறது: இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, ஒரு வயது நிரம்பும்வரை 50, அதற்குப் பிறகு ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு என்று பொருள். குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போதானால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு எண்ணுங்கள். அப்படியே விலாவுக்குக் கீழேயும் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வர, நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கை எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. பால் குடிக்க மறுப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, தட்டி எழுப்பினாலும் துவண்டு கிடப்பது எல்லாம் அதே கணக்குத்தான்.

முதல் நாளைக் குறித்துவைப்பது அடுத்த வேலை. "காய்ச்சல் எத்தனை நாளாக?" என்று மருத்துவர் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் ஆளுக்கொரு பதில் வரும். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்து என்ன நடக்கும் என்று அவர் ஊகிக்க வேண்டும். தொண்டை கரகரத்த நாளையோ உடம்பு வலித்த நாளையோ காலண்டரில் 1 என்று எழுதிவிடுங்கள். இன்ஃபுளூயன்சா மோசமாகிறது என்றால் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தெரிந்துவிடும். ஆர்.எஸ்.வி. வந்த கைக்குழந்தைக்கும் அதே நாட்கள்தான் கடினம். கொரோனாவில் ஐந்துக்கும் பத்துக்கும் இடையில். அந்த நாட்களில் காலையும் மாலையும் மூச்சை எண்ணி, தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். 18, 20, 23 என்று ஏறுமுகமாகப் போனால் 24 வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சிலருக்குக் காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் நன்றாக இருந்து, பிறகு திரும்பவும் குளிரும் காய்ச்சலும் வரும். கூடவே மஞ்சளாகவோ துருப்பிடித்த நிறத்திலோ சளி வரும், மூச்சை இழுத்தால் விலாவில் குத்தும். வைரஸ் போட்ட பாதையில் பாக்டீரியா நுழைந்துவிட்டது என்பதற்கான அறிகுறி இது. "பழைய காய்ச்சலே திரும்பியிருக்கிறது" என்று எண்ணி மிச்சமிருக்கும் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

யாருக்கெல்லாம் ஆபத்து அதிகம் என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்பே வீட்டில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், சுகர், இதயநோய், சிறுநீரகநோய், ஆஸ்துமா உள்ளவர்கள், புகைபிடித்துப் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மிகையான உடல் எடை உள்ளவர்கள். கர்ப்பிணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்னும் இன்ஃபுளூயன்சா உலகெங்கும் பரவியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் கர்ப்பிணிகளும் உடல் பருமன் உள்ளவர்களும் அதிகமாக இருந்தார்கள். பிரசவம் ஆகி இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து நீடிக்கிறது. "மாசமாக இருக்கும்போது மாத்திரை வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கும் இடத்தில், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியது கணவரின் பொறுப்பு.

இவர்களுக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் முதல் இரண்டு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இன்ஃபுளூயன்சாவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மத்திய சுகாதார அமைச்சகம் பன்றிக் காய்ச்சல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்திருப்பதும் இதற்காகத்தான். லேசான சளி காய்ச்சல் ஏ: வீட்டில் ஓய்வு போதும். ஆபத்து அதிகம் உள்ளவர்கள் பி: பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மாத்திரை தொடங்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்க நிலை, ரத்தம் கலந்த சளி, நீலம் பாரித்த நகம் என்றால் சி: உடனே அனுமதி. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் நீலம் வெளித்தோலில் எளிதில் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் நாக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பீரோவில் இருந்தால் பேட்டரி மாற்றி எடுத்துவையுங்கள். ஆக்ஸிஜன் 85-க்கு இறங்கிய பிறகும் சிரமமே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவர்களை அன்றைக்கு எத்தனையோ குடும்பங்கள் பார்த்தன. விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு இருக்கக் கூடாது, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் கை அசையக் கூடாது. 93 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருத்துவமனை. 90-க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் தங்களுக்கு எது இயல்பான அளவு என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கருவி கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எச்சரித்தது. ஆகவே கருவி 95 காட்டி, மூச்சு 28 இருந்தால், மூச்சையே நம்புங்கள்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ போனில் விசாரிப்பவர்கள் "எப்படி இருக்கீங்க?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "நல்லா இருக்கேன்டா" என்றுதான் பதில் வரும். மதியம் என்ன சமைத்தீர்கள், பக்கத்து வீட்டில் யார் வந்துபோனார்கள் என்று நீளமாகப் பேச வையுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரரை உடனே போகச் சொல்லுங்கள். நேற்றுச் சொன்னதைக் குழப்பிச் சொல்வது, சாப்பாடே வேண்டாம் என்பது, காரணமில்லாமல் தடுமாறி விழுவது ஆகியவை வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வரும் அபாய அறிகுறிகள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். அப்படித் தள்ளிவிட்டு நாம் இழக்கும் பெரியவர்களில் பலர் காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் காகிதக் கவரில் போட்டுத் தரும் நாலைந்து மாத்திரைகளில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020-இல் காட்டியது. சுகர் உள்ளவர்களுக்கு அது சர்க்கரையை வேறு தாறுமாறாக ஏற்றிவிடும். மழைக்காலம் டெங்குவின் காலமும்கூட என்பதால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, இபுபுரோஃபென் இரண்டும் வேண்டாம், பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தில் குழந்தைக்கு ஆவி பிடிக்க வைப்பதும் கூடாது. அதில் வெந்துபோய் வரும் குழந்தைகள் உண்டு. சுக்குக் கஷாயமும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடியுங்கள். சுகர், பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிட முடியாமல் வாந்தி எடுப்பவர் மட்டும் அன்றே மருத்துவரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

மூச்சுத் திணறுபவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

இன்னும் காய்ச்சல் நுழையாத வீட்டுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இன்ஃபுளூயன்சா தடுப்பூசி வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டியது. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்குக் கணக்கில் வராது. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே வீட்டில் ஆபத்துப் பட்டியலில் இருப்பவரை இந்த வாரமே அழைத்துப் போங்கள்.