டிப்ளோமாவுக்குப் பின் முதுமாணி: மன்னார் ஆசிரியர்களுக்கான முக்கியக் குறிப்புகள்

(கல்வி நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் கல்வி முதுமாணி அனுமதிக்கும் ஆயத்தமாகும் இடைநிலைப் பாட ஆசிரியர்களுக்கு)

• தரம் 6–9 கனிஷ்ட இடைநிலை, 10–11 சிரேஷ்ட இடைநிலை, 12–13 உயர்தரம். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு, 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான்.

• மன்னார் மாவட்டத்தில் கல்வி வலயங்கள் இரண்டு: மன்னார், மடு. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி ஆகிய தீவுப் பகுதிகள் மன்னார் வலயத்துக்குள் வருகின்றன.

• அதிகம் குழம்பும் இடம் இது. பட்டதாரி ஆசிரியருக்குரிய தொழில்சார் தகைமை பட்டப்பின் கல்வி டிப்ளோமா. கற்பித்தல் பயிற்சி அதற்குள்ளேயே வருகிறது. கல்வி முதுமாணி அதற்கு மேற்பட்டது. டிப்ளோமாவையோ கல்விமாணிப் பட்டத்தையோ பொதுவாக முன்தகைமையாகக் கேட்பார்கள். இந்திய வழிகாட்டி நூல்களை வைத்துப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே பி.எட். பெரும்பாலும் பட்டத்துக்குப் பின் படிப்பது. இங்கே கல்விமாணி தானே ஒரு முதற்பட்டம்.

• இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12 மட்டங்கள். பட்டப்பின் டிப்ளோமா மட்டம் 8, குறைந்தது 25 கிரெடிட். பாடநெறி மட்டுமான முதுமாணி மட்டம் 9, 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது மட்டம் 10, 60 கிரெடிட், அதில் ஆய்வுக்கு 15. ஒரு கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலம் என்பதால், மட்டம் 10 என்றால் 3,000 மணித்தியாலம். விண்ணப்பப் படிவம் நிரப்புமுன் எந்த மட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எம்.பில்., கலாநிதி என்று போக எண்ணமிருந்தால் ஆய்வோடு கூடியதையே எடுப்பது நல்லது.

• நிறுவனங்கள்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் (1974இல் வளாகம், 1979இல் தனிப் பல்கலைக்கழகம்), நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் (1980), மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் (1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்). கொழும்பிலும் கல்விப் பீடம் உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகம் (2021 ஆகஸ்ட் 1) மன்னாருக்குக் கிட்டத்தான், ஆனால் அது தொடங்கியபோது இருந்த மூன்று பீடங்களில் கல்விப் பீடம் இல்லை.

• போக்குவரத்தையும் ஒரு தகுதியாகவே எண்ண வேண்டும். வார இறுதி விரிவுரை என்றால், வெள்ளி பாடசாலை விட்டதும் ஏ32 வழியே பூநகரி, சங்குப்பிட்டி தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின்தான் அது சுலபமானது. போரில் அழிந்த தலைமன்னார் ரயில்பாதை 2015 மார்ச்சில் இறங்குதுறைவரை திரும்ப வந்தது. கொழும்புப் பக்கம் படிப்பவர்களுக்கு அது தெம்பு. இதெல்லாம் முடியாத குடும்பஸ்தருக்குத் தொலைக்கல்வியே வழி. திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ் பிராந்திய நிலையம் கொக்குவிலில் இருக்கிறது.

• 13ஆம் திருத்தம் (1987): மாகாணப் பாடசாலைகள் மாகாண சபையின் கீழ், தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். படிப்பு விடுமுறைக்கு யாரிடம் எழுதுவது என்பதும் இதிலிருந்துதான் தொடங்கும்.

• ஒப்பீட்டு வினாவுக்கு: பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்து பாடசாலை ஆசிரியருக்கு முதுமாணியே அடிப்படைத் தகைமை. நம்மிடம் பட்டத்தோடு சேவையில் நுழைந்து, டிப்ளோமாவைப் பணியிலிருந்தபடியே முடிப்பவர்கள் ஏராளம்.

• ஆய்வுத் தலைப்பைத் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கரையோரப் பாடசாலை ஒன்றின் தரம் 10, 11 வரவு இடாப்பை எடுத்து, மீன்பிடிப் பருவத்தோடு மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி விழுகிறதா, யாருக்கு விழுகிறது, ஆண் பிள்ளைகளுக்கா பெண் பிள்ளைகளுக்கா என்று கேளுங்கள். "கிராமப்புறக் கல்வியின் பிரச்சினைகள்" என்ற அகன்ற தலைப்பை மேற்பார்வையாளர் எப்படியும் வெட்டிக் குறுக்குவார்.